மிஷினுக்கு விட்ட எண்ணெய்

போன வாரம் தையலம்மாவின் வாயிலிருந்து விழுந்த வார்த்தைகளுக்காக என்னைத் திட்டிக் கடிதம் போட்டவர்கள் அதிகம். "ஒரு மாமியார் மருமகளை இப்படியா பேசுவாள்? நீங்களாவது தடுத்திருக்கக் கூடாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா தாயே, நான் எழுதுகிறவன், அவள் பேசுகிறவள். முப்பத்தோரு வருஷமாக அவள் புருஷனாலேயே அந்த வாயை மூட முடியவில்லை, என்னால் எங்கே முடியும்?

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. கொட்டிய சொல் இதுதான்: "நீ அன்னிக்கு போன் பண்ணி அவசரப்படுத்தலைன்னா என் புள்ள உயிரோட இருந்திருப்பான். இப்ப என் மிஷினையும் முடிச்சிட்டே. நீ தொட்டதெல்லாம் நாசம்."

மகன் போய் ஏழு மாதம் ஆகிறது. அப்பா ஓட்டிய ரொட்டி வேனில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனவன். சாலையில் நின்ற லாரியின் பின்னால் வேன் மோதி, அவன் உட்கார்ந்திருந்த பக்கம் மொத்தமாக நசுங்கிவிட்டது. குழந்தைக்குக் காய்ச்சல், சீக்கிரம் வாங்க என்று மருமகள் போன் செய்த சாயங்காலம் அது. லாரிக்குப் பின்விளக்கு எரியவில்லை என்று அப்பா சொன்னார், விசாரித்தவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள்.

மருமகள் நேரே உள்ளே போனாள். பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கினாள். நாளைக் காலை ஆறு மணிக்கு அவள் அண்ணன் காரோடு வருகிறான். அவளையும், பட்டாணி என்று எல்லாரும் கூப்பிடுகிற நாலு வயசுப் பெண்ணையும் ஒரேயடியாக அழைத்துக்கொண்டு போகப் போகிறான்.

ஆக, தையலம்மாவுக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு பகல்தான்.

அவள் மன்னிப்புக் கேட்க மாட்டாள். கேட்கத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது தையல். மகனுடைய பதினொரு சட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒட்டிச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து, நாலு மாதமாகப் பட்டாணிக்கு ஒரு போர்வை தைத்து வந்தாள். நட்ட நடுவில், அவனுடைய நீலக்கோடு சட்டையின் பையை அப்படியே திறந்தபடி வைத்திருந்தாள். அப்பன் பைக்குள் கையை விட்டுக்கொண்டு குழந்தை தூங்கட்டும் என்று. கடைசி ஒரு வரிசையும் ஓரமும்தான் பாக்கி. அதற்குள் ஐந்து நாளைக்கு முன்னால் மிஷின் இறுகி நின்றுவிட்டது. போர்வையை முடித்து மருமகள் கையில் கொடுத்துவிட்டால் அவள் புரிந்துகொள்வாள், ஒருவேளை கட்டிய பெட்டியைக்கூடப் பிரித்துவிடுவாள் என்று இவளாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

காலை ஏழு மணிக்கு மிஷினின் தலையை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, பழைய துணியில் சுற்றி மூட்டையாகக் கட்டினாள்.

"இரு, நான் தூக்கிட்டு வரேன்" என்று எழுந்து வந்தார் அவள் புருஷன். முப்பது வருஷம் வேன் ஓட்டியதால் தெரு முழுக்க அவருக்கு டிரைவர் என்றுதான் பேர். விபத்துக்குப் பிறகு ஸ்டீயரிங்கையே தொடவில்லை. வந்தவர், கூடத்தின் நடுவில் கிடந்த பட்டாணியின் பொம்மை வண்டியை மிதித்து, தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நட்ட நடுவுல கிடக்கறதுகூடத் தெரியலையா? நீங்க தூக்கிக் கிழிச்சது போதும், போய் உக்காருங்க. புள்ள போனதுலேருந்து இந்த மனுஷன் இந்த உலகத்துலயே இல்ல!"

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

சமையலறையில் மருமகள் குழந்தைக்கு முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். மூக்கு நீண்ட சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை அமுக்கி வாணலியில் எண்ணெய் விட்டபடி, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"பட்டாணியோட யூனிபார்ம்ல ஓரம் அடிச்சேன், அத்தை. வேற ஒண்ணும் பண்ணல. அப்பவே வீல் கனமாத்தான் இருந்துச்சு."

ஐந்து நாளில் அவள் பேசியது அவ்வளவுதான். தையலம்மா காதில் விழாத மாதிரி மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

*

மிஷின் ரிப்பேர்காரருக்கு ஸ்குரூ என்று பேர். எப்போதும் உதட்டுக்கு நடுவில் இரண்டு ஸ்குரூவைக் கவ்விக்கொண்டேதான் பேசுவார். இத்தனை வருஷத்தில் எத்தனை ஸ்குரூ வயிற்றுக்குள் போயிருக்கும் என்று அவர் பெண்டாட்டிகூடக் கணக்கு வைத்ததில்லை.

மூட்டையைப் பிரித்து வீலைச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. அடித்தட்டைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தார். பார்த்தார், விரலால் தொட்டு மோந்தார்.

"என்னம்மா, இதுல முட்டை பொரிச்சீங்களா?"

"கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேலி எல்லாம் எங்கிட்ட வேணாம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஓடணும். முடியுமா, முடியாதா?"

"ஓடும். கேலி பண்ணலம்மா. இங்க பாருங்க, இது மிஷின் எண்ணெயே இல்ல. சமையல் எண்ணெய். மிஷின் எண்ணெய் தண்ணி மாதிரி ஓடும், அழுக்கையும் கூட இழுத்துட்டுப் போயிடும். இது காஞ்சா பசை. நாளாச்சுன்னா வார்னிஷ். உள்ள எல்லாத்தையும் ஒட்டி வெச்சிருக்கு."

தையலம்மாவுக்கு மளமளவென்று கோபம் ஏறியது. பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா! அடுப்பிலிருந்து நேரே எண்ணெய்க் கையோடு வந்து மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். வீல் கனமாக இருக்கிறதென்று கையில் அகப்பட்டதை ஊற்றியிருக்கிறாள்.

"என் மருமக வேலைதான். அஞ்சு நாள் முன்னாடி ஒரே ஒரு தடவை உக்காந்தா. ஒரு தடவைக்கே இந்தப் பாடு!"

ஸ்குரூ தலையை ஆட்டினார். "சும்மா அந்தப் பொண்ணு மேல பழி போடாதீங்க. அஞ்சு நாள்ல இப்படி ஆகுமா? இது மாசக்கணக்குல விட்ட எண்ணெய்ம்மா. ஏடு ஏடா படிஞ்சிருக்கு. உங்களுக்குப் பெடல் கனக்கலையா?"

கனத்தது. முட்டிவலி என்று நினைத்து அவள் தைலம் தடவிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மாசம்?"

"அதை நீங்கதான் சொல்லணும். பஞ்சு பஞ்சா நூல் தூசி ஒட்டியிருக்கே, உங்க துணி உங்களுக்குத் தெரியாதா?"

ஒரு ஊசியைக் கொடுத்தார். தையலம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அந்த அழுக்கில் ஸ்குரூவுக்கு எதுவும் புரியாது. அவளுக்கு அது தன் கையெழுத்து.

மேலே, இன்னும் ஈரமாக, யூனிபார்மின் காபிநிற நூல். அதற்குக் கீழே நீலமும் வெள்ளையும்: மகனுடைய சட்டைகள். நாலு மாதத் தூசி. அதற்கு முன்னால் மூன்று மாதம் அவள் மிஷின் பக்கமே போகவில்லை. மகன் போன பிறகுதான் எண்ணெய் மாறியது என்றால், அதற்குக் கீழே பசையே இருக்கக் கூடாது. ஊசியால் இன்னும் கீறினாள். பழுப்பாகக் காய்ந்த பசைக்குள், கண்ணாடியில் மாட்டிய மாதிரி, பச்சைத் தூசி.

பச்சை! பள்ளிக்கூடத்துக்குத் தைத்த முப்பத்திரண்டு திரைகள். அவன் போவதற்கு மூன்று வாரம் முன்னால் தைத்து முடித்தது. அந்த மூட்டையை வேனில் ஏற்றியதே அவன்தான்.

"பச்சைக்கு அடியிலயும் பசை இருக்கா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இருக்கே. இன்னும் ரெண்டு ஏடு இருக்கும். ஒரு வருஷத்துக்கு மேலயே ஆச்சும்மா. வீட்டுல யாரு எண்ணெய் விடறது?"

"எங்க வீட்டுக்காரர். ஞாயித்துக்கிழமையானா அவர்தான் விடுவாரு. கல்யாணமானதுலேருந்து அவர் வேலை அது."

"அவருக்கு என்ன தொழில்?"

"டிரைவர்."

ஸ்குரூ சிரித்துவிட்டார். "டிரைவரா? இன்ஜினோட குடும்பம் நடத்தின மனுஷனுக்கு எண்ணெய் தெரியாதா? அது வெள்ளை, இது மஞ்சள். கண்ணு தெரியாதவன்தாம்மா இப்படி மாத்தி ஊத்துவான்."

சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு நிமிர்ந்தவர் அவள் முகத்தைப் பார்த்து, உதட்டிலிருந்த ஸ்குரூவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"என்னம்மா, தண்ணி குடிக்கறீங்களா?"

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். காலையில் அவர் மிதித்த பொம்மை வண்டி. 'நீயே படிச்சுச் சொல்லு' என்று வருகிற கடிதத்தையெல்லாம் அவள் பக்கம் தள்ளுவது. டம்ளரை வைக்கும்முன் மேஜையைத் தடவுவது. இதெல்லாம் மகன் போன துக்கம் என்றுதானே நினைத்தாள்? பச்சைத் தூசி மகன் போவதற்கு முந்தியது. அந்தப் பச்சைக்கு அடியிலும் சமையல் எண்ணெய் இருக்கிறது.

அந்தக் கண்ணோடுதான் அவர் வேன் ஓட்டியிருக்கிறார்.

"நாலு மணிக்கு நானே கொண்டு வந்து மாட்டித் தரேன்" என்று ஸ்குரூ சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. அவள் அதற்குள் தெருவில் இருந்தாள்.

*

வீட்டில் மருமகள் இல்லை. பட்டாணியின் பள்ளியில் சான்றிதழ் வாங்கப் போயிருந்தாள்.

தையலம்மா நேராகச் சமையலறை அலமாரிக்குப் போனாள். அங்கே இரண்டு பாட்டில்கள், இரண்டுக்கும் ஒரே மூக்கு, ஒரே உயரம். ரப்பர் பேண்டு போட்டு ஜோடியாக விற்றதை அவளேதான் ஒன்றரை வருஷம் முன்னால் வாங்கி வந்தாள், ஒன்று மிஷினுக்கு, ஒன்று அடுப்புக்கு என்று. மிஷின் டிராயரில் வைத்தால் குழந்தை எடுத்து வாயில் வைத்துக்கொள்ளும் என்று, அதையும் இங்கே உயரத்தில் வைத்தது அவளேதான்.

மிஷின் பாட்டிலை எடுத்தாள். கழுத்துவரை நிறைந்திருந்தது. மேலே விரல் பதியும் அளவுக்குத் தூசி.

டிரைவர் பின்கட்டில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டு பாட்டிலையும் அவர் இரண்டு கையிலும் வைத்தாள்.

"இதுல மிஷினுக்கு எது?"

அவர் பாட்டில்களைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் தடவினார். இடது கையில் இருப்பதை மூக்கருகே கொண்டு போனார், பிறகு மற்றதை. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"ஐயோ" என்று அவள் படியில் உட்கார்ந்தாள்.

"மொத்தமாப் போகலை. நடுவுல மட்டும் புகை மாதிரி. ஓரத்துல தெரியும். உன்னைப் பாத்தா உன் காது தெரியும், முகம் தெரியாது. நரம்பு போயிடுச்சு, இனிமே திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எந்த டாக்டர்? யார் கூடப் போனீங்க?"

"அவன்தான் கூட்டிட்டுப் போனான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள், அப்பனும் மகனுமாக! நன்றாக இருந்த எலெக்ட்ரிக் கடை வேலையை விட்டுவிட்டு அப்பாவோடு ரொட்டி இறக்கப் போகிறேன் என்று அவன் வந்து நின்றபோது வீட்டில் எவ்வளவு ரகளை நடந்தது என்று பழைய அத்தியாயங்களைப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சோம்பேறி என்று அவனைச் சொன்னவள் இவள். மருமகள் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அவன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டான்.

"அவனுக்கு வண்டி ஓட்ட வரல. நான்தான் சொல்லிக் குடுத்துப் பாத்தேன், மூணு தடவை சுவத்துல மோதினான். அப்புறம் அவனே சொன்னான், நீங்க ஓட்டுங்கப்பா, நான் பாத்துச் சொல்றேன்னு. பக்கத்துல உக்காந்து சொல்லிட்டே வருவான். 'இடது பக்கம் சைக்கிள். மெதுவா. இப்ப பிரேக்.' நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நல்லாத்தான் ஓட்டினோம்."

"ஓட்டினீங்களா? ரெண்டு பேருமா ஓட்டினீங்களா!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னிக்கு என்ன ஆச்சு? அதைச் சொல்லுங்க."

அவர் மடியிலிருந்த பாட்டில்களை உருட்டிக்கொண்டிருந்தார். அவள் விடுவதாக இல்லை.

"போன் வந்துச்சு. அவன் எடுத்துப் பேசினான். குழந்தைக்கு எவ்வளவு காய்ச்சல், மருந்து குடுத்தியான்னு கேட்டுட்டிருந்தான். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஒண்ணும் சொல்லல. அவன் சொல்லலைன்னா ரோடு காலின்னு அர்த்தம். நான் காலின்னு நெனைச்சு மிதிச்சிட்டேன்."

"அந்த லாரி? விளக்கு எரியலைன்னீங்களே?"

"எரிஞ்சுதா எரியலையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தையலம்மாவுக்கு அழுகை வரவில்லை. அவரை அடிக்க வேண்டும் போல் கை பரபரத்தது. அடித்தால் எந்தப் பக்கத்திலிருந்து அடி வருகிறதென்றுகூட இந்த மனுஷனுக்குத் தெரியாது என்ற நினைப்பு வந்து கை விழுந்துவிட்டது.

"வண்டிய நிறுத்தியிருக்கலாமே."

"நிறுத்தினா வீட்டுல சாப்பாட்டுக்கு?"

"பட்டினி கிடந்திருப்போம்! எல்லாரும் இருந்திருப்போம்!"

அவர் கையை நீட்டி அவள் கையைத் தேடினார். கிடைக்கவில்லை. அவள் கொடுக்கவில்லை.

"அவகிட்ட சொல்லிடாதே. தான் போன் பண்ணி, அவன் பேசினதாலதான்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு உசிரோட இருக்காது."

அப்போதுதான் தையலம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏழு மாசமா அதைத்தானேய்யா நான் அவ மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டிருந்தேன்! பக்கத்துலயே உக்காந்து கேட்டுட்டுத்தானே இருந்தே! அப்பல்லாம் செத்துடுவான்னு தோணலையா உனக்கு? இப்ப என் வாய அடைக்க மட்டும் அவ உசிரு வேணுமா?"

முப்பத்தோரு வருஷத்தில் அவள் அவரை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று கேட்டிருக்கிறோம். இங்கே பழியைப் போட்டவள் இவள், பாவத்தைப் பண்ணியவர் அவர், இரண்டையும் ஏழு மாதமாகச் சுமந்தவள் ஒருத்தி, சான்றிதழ் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருக்கிறாள். அவர் மருமகளுக்காகக் கேட்டாரா, தனக்காகக் கேட்டாரா? தையலம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

*

நாலு மணிக்கு ஸ்குரூ வந்தார். தலையை ஸ்டாண்டில் மாட்டி, பெல்ட்டைப் பூட்டி, நிறைந்திருந்த அந்த மிஷின் பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டார். காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். வீல் விர்ரென்று சுற்றியது.

"புது மாப்பிள்ளை மாதிரி ஓடுது பாருங்க!"

யாரும் சிரிக்கவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

தையலம்மா போர்வையை விரித்துக் கடைசி வரிசையை ஊசிக்குக் கீழே தள்ளினாள். பெடலை மிதித்தாள். கால் நோகவே இல்லை. இத்தனை நாள் முட்டியைத் திட்டியதெல்லாம் வீண். துணி தானாகப் பின்னால் போனது, தையல் நேராக விழுந்தது. எந்த மிஷினுக்காக அப்படிப் பேசினாளோ அது ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷம் துளிகூட இல்லை.

சத்தம் கேட்டு மருமகள் கூடத்து வாசலில் வந்து நின்றாள். வெளியே அப்போதுதான் வெயில் தாழத் தொடங்கியிருந்தது. பட்டாணி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கத்திக்கொண்டு விளையாடுவது ஜன்னல் வழியே கேட்டது.

"ஓடுதா, அத்தை?"

"ஓடுது."

"நல்லதாப் போச்சு" என்று திரும்பினாள்.

"நில்லு." தையலம்மா மிஷினை நிறுத்தினாள். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "மிஷின் உன்னால கெடல. ஒரு வருஷமா அதுல சமையல் எண்ணெய் விட்டிருக்காரு உங்க மாமா."

"மாமாவா? ஏன்?"

"கண்ணு தெரியல அவருக்கு. ரெண்டு வருஷமாத் தெரியல. நான் உன்னைச் சொன்னது தப்பு. மிஷினுக்கு மட்டும் சொல்லல, எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். உன் போன்னால அவன் போகல. கண்ணு தெரியாத மனுஷன் வண்டிய ஓட்டினதாலதான் போனான். உன்மேல ஒரு தப்பும் இல்ல. நான் பாவி, என் நாக்கு அழுகணும்."

ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். போன் பேசியதால்தான் அவன் வழி சொல்லவில்லை என்பதை மட்டும் பல்லைக் கடித்து உள்ளே நிறுத்திக்கொண்டாள். வாயை அடக்கத் தெரியாதவள் என்று நான்தான் எழுதினேன். இன்று அடக்கினாள்.

மருமகள் மெதுவாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகத்தில் கோபம்கூட வரவில்லை. போர்வையின் நடுவிலிருந்த சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"யாருக்கு?"

"உங்க புள்ளைக்கு."

"தெரியும். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதே அவன்தானாம்."

"அதுக்குத்தான் கடை வேலைய விட்டாரா?"

தையலம்மா தலையை மட்டும் அசைத்தாள். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாலும் மற்றதும் கூடவே வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

மருமகள் தனக்குத்தானே பேசுகிறவள் போல் சொன்னாள். "வேன்ல இருக்கப்ப போன் பண்ணினா எப்பவும் எடுக்க மாட்டாரு. சண்டை போடுவேன். சும்மா பக்கத்துல உக்காந்து வேடிக்கைதானே பாக்கறீங்க, ஒரு போன் எடுத்தா என்னன்னு கேப்பேன். இறங்கினதும் பேசறேன்னு சொல்லுவாரு."

"பழசெல்லாம் எதுக்கும்மா இப்ப? இங்க பாரு, இன்னும் ஒரு வரிசைதான்..."

"அன்னிக்கு எடுத்தாரு, அத்தை. நான் விடாம மூணு தடவை அடிச்சதால எடுத்தாரு. 'வெச்சிடு, அப்புறம் பேசறேன், வெச்சிடு'ன்னு சொன்னாரு. குழந்தை காய்ச்சல்ல கிடக்குது, இவருக்குப் பேச நேரமில்லையான்னு எனக்குக் கோவம். நான் வெக்கல. நான்தான் பேசிட்டே இருந்தேன்."

அவள் தலையைத் தூக்கினாள்.

"மாமாவுக்குக் கண்ணு தெரியாதுன்னா, அப்ப ரோட்டை யாரு பாத்தது?"

"அவர்தான் பாத்தாரு" என்றாள் தையலம்மா சட்டென்று. "ஓரத்துல தெரியுமாம் அவருக்கு. நல்லாத் தெரியுமாம். அவன் சும்மாத்தான் உக்காந்திருந்தான்."

ஐம்பத்து மூன்று வயதில் அவள் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணலாம். பழக்கமில்லாததால் அது நிற்கவில்லை.

மருமகள் அவளைப் பார்க்கவில்லை. பின்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே டிரைவர் சுவரைப் பிடித்தபடி எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ!

"மாமா, நீங்க சொல்லுங்க. அவர் எங்கிட்ட போன்ல பேசிட்டிருந்தப்ப உங்களுக்கு யாரு வழி சொன்னது?"

தையலம்மா அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சொல்லாதே, சொல்லாதே என்று இரண்டு கையாலும் காட்டினாள். காட்டி என்ன செய்ய? அவருக்கு அவள் காதுதான் தெரிந்திருக்கும்.

அவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். மிஷின் முனையில் கை பட்டதும் நின்றார். போர்வை அகப்பட்டது. விரல்கள் ஊர்ந்து ஊர்ந்து அந்தச் சட்டைப் பைக்குள் போய் நின்றன. இரண்டு வருஷம் பொய் சொன்ன மனுஷன், மகனுடைய பையில் கையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியாமல் நின்றார்.

"யாரும் சொல்லலம்மா" என்றார்.

மருமகள் கத்தவில்லை, அழவில்லை. சரி என்பது போல் தலையை ஒரு முறை அசைத்தாள். ஊசி கடைசி வரிசையின் பாதியில் இறங்கியபடியே நின்றது. தையலம்மாவின் கால் பெடல் மேலேயே இருந்தது, மிதிக்கத் தோன்றவில்லை.

உள்ளே, கட்டி வைத்த பெட்டியின் மேல் மருமகளின் போன் அடித்தது. அண்ணனாகத்தான் இருக்கும். காலை ஆறு மணிக்கு வந்துவிடட்டுமா என்று கேட்கத்தான் இருக்கும். மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். முழுக்க அடித்து நின்றது. நின்று, மறுபடி அடித்தது.

மூன்றாவது தடவை அடித்தபோது மருமகள் எழுந்து போய் அதைக் கையில் எடுத்தாள். எடுத்துக் காதில் வைக்க அவளுக்குக் கை வரவில்லை.